தாமோதரனின் பங்குச்சோறு

வேலூரிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்தால் எங்கள் ஈச்சம்பேட்டை வரும். ஆம்பளை இல்லாத ஊர் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள், ஏனென்றால் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கிறார்கள், மிச்சமிருப்பவர்கள் பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆகி வந்தும் விடிகாலையில் ஷூ போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நடக்கிற பழக்கத்தை விட முடியாதவர்கள். அந்தக் கண்டக்டர்களுக்கு இன்னொரு கேலியும் உண்டு, ஈச்சம்பேட்டைப் பெண்கள் ஏறினால் மூன்று பேர் சீட்டில் இரண்டு பேர்தான் உட்கார முடியும் என்பது. அதற்கு நாங்கள் கோபப்பட்டதில்லை, அது உண்மைதான், அதற்குக் காரணம் பங்குச்சோறு.

பங்குச்சோறு என்றால் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. புருஷன் எல்லைக்குப் புறப்பட்டுப் போன அன்று மத்தியானம் முதல், அவன் பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டில், அவன் வீட்டிலிருந்தால் எவ்வளவு சாப்பிடுவானோ அவ்வளவு சோறு போட்டுக் குழம்பு ஊற்றி வைக்க வேண்டும், பெண்டாட்டி தன் சோற்றைத் தின்று முடித்தபின் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்து அதையும் தன் கையாலேயே தின்று தீர்க்க வேண்டும், அப்போதுதான் அங்கே பனியிலோ மணலிலோ நிற்கிறவனுக்கு வயிறு நிறையும். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது, பெற்ற தாய்கூட. சைனாச் சண்டை வருஷத்தில் ஒருத்தி சலித்துப்போய் ஒரு மாதம் பங்குச்சோற்றை நாய்க்குப் போட்டாள் என்றும், அவள் புருஷன் மெடலோடு திரும்பி வந்தும் சாகிற வரைக்கும் ரோட்டில் லாரி போனால் பின்னால் ஓடாமல் இருக்க முடியவில்லை என்றும் எங்களுக்குக் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள். தட்டைக் கவிழ்த்து வைப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான், அந்தத் தட்டுக்காரன் இனி வர மாட்டான் என்று சேதி வந்தால். மற்றபடி கழுவினால்கூட நிமிர்த்தித்தான் காயவைப்போம். அதனால் லீவில் வருகிற ஆண்கள் எல்லாம் ஒல்லியாகவும் நாங்கள் எல்லாம் குண்டாகவும் இருப்போம், வெளியூர்க்காரர்கள் மிலிட்டரி கேண்டீன் சாமான் செய்கிற வேலை என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் ஜெயக்கொடி. என் வீட்டுக்காரர் அஸ்ஸாம் பக்கம் இருக்கிறார், நான் தொண்ணூற்றிரண்டு கிலோ, ஆகவே எதிர்வீட்டு ரேணுகாவைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. படவேட்டிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவள் ஐம்பத்திரண்டு கிலோ. ஒன்பது வருஷத்தில் நூற்றிருபத்தொன்று ஆனாள், ஏனென்றால் அவள் புருஷன் ஹவில்தார் தாமோதரனுக்கு எப்போதும் கஷ்டமான இடமாகவே போஸ்டிங் போட்டார்கள், அங்கே குளிர் என்று கேள்விப்பட்டால் இவள் இங்கே ஒரு கரண்டி கூடப் போடுவாள், காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் இன்னொரு கரண்டி, ஒரு வாரம் போன் வரவில்லையென்றால் சட்டியையே தட்டில் கவிழ்ப்பாள். பிள்ளை இல்லை. அவளுக்கும் மாமியார் சின்னபாப்பாவுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் அந்த ஒருத்தன்தான். சர்க்கரை, பிரஷர், முட்டிவலி எல்லாம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் உள்ளதுதான், ரேணுகாவுக்கு அதற்கு மேல் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அது அவளுக்கே தெரியாது. பொங்கல் லீவில் வந்த தாமோதரன்தான் கண்டுபிடித்தான், கையில் வாட்சை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறான், நாற்பது நொடி, நாற்பத்தைந்து நொடி என்று நின்றிருக்கிறது, ஒவ்வொரு தரமும் இதுதான் கடைசி என்று நினைத்து நினைத்து விடியும்வரை உட்கார்ந்திருக்கிறான்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். வயிற்றில் முக்கால்வாசியை வெட்டியெடுத்து ஒரு வாழைப்பழ அளவுக்கு மிச்சம் வைத்துத் தைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் தூங்குகிறவள் எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாமோதரனுக்கு அதற்குமேல் யோசனை இல்லை, ரேணுகாவுக்கு ஒரே யோசனைதான். அப்புறம் உன் பங்கை யார் தின்பது என்று கேட்டிருக்கிறாள். அவன் சிரித்துவிட்டு, "நான் திரும்பி வர்றப்ப நீ இருக்கணும் ரேணு, அத மட்டும் பாரு" என்றான். அடுத்த லீவில் ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். அந்த லீவில் வந்த பதினோராவது நாள், எல்லோரும் உடனே திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவன் ஆஸ்பத்திரிப் பேப்பர்களில் எல்லாம் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு, தேதியைத் தள்ளிவைத்தால் தனக்குக் கெட்ட கோபம் வரும் என்று சொல்லிவிட்டு, காட்பாடியில் ரயிலேறிப் போனான். பனிமலை உச்சியில் ஒரு போஸ்ட், மூச்சுவிடவே காற்று பத்தாத இடம்.

அப்படித்தான் சித்திரை கடைசியில் மாமியார் கையைப் பிடித்திருந்த ரேணுகாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். வயிற்றில் ஐந்து ஓட்டை போட்டு வேலையை முடித்து, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் மருந்துபாட்டில் மூடியால் ஒரு மூடித் தண்ணீர், இரண்டு மணிக்கு ஒரு தரம் கஞ்சித் தெளிவோ பருப்புத் தண்ணீரோ நாட்டுக்கோழிச் சாறோ நாலு மூடி, அவ்வளவுதான், அவசரப்பட்டு விழுங்கினால் தையல் பிரிந்து உயிருக்கே ஆபத்து என்று டயட்டீஷியன் சீட்டு எழுதிக் கொடுத்தாள். மூடியில் குடிக்கத் தெரியாமல் ரேணுகா நெஞ்சில் ஊற்றிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, சின்னபாப்பா பரணிலிருந்து, தாமோதரன் கைக்குழந்தையாக இருந்தபோது பால் வார்த்த பாலாடையைத் தேடியெடுத்துப் புளிபோட்டுத் தேய்த்தாள். முப்பத்துநாலு வயதுக்காரிக்குப் பச்சைப்பிள்ளைக்கு வார்ப்பதுபோல மாமியார் பாலாடையில் வார்த்ததைப் பார்க்க எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தாமோதரன் தட்டுக்குச் சோறு போட்டு வைத்தவள் நான்தான். மத்தியானம் வைத்துக் கூடையால் மூடுவேன், தின்ன ஆளில்லாத பங்குச்சோற்றை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால் மறுநாள் அதை முருங்கைமரத்தடியில் புதைத்துவிட்டுப் புதுச்சோறு வைப்பேன். ரேணுகா வந்து இறங்கிய அன்றைக்குக் கூடையைத் தூக்கினால் தட்டு முழுக்கப் பனி. ஐஸ்பெட்டியில் பிடிக்கிற பனி இல்லை, சோற்றின் மேல் ஒரு விரல் உயரத்துக்கு உப்புத்தூள்போல வெள்ளையாகப் பெய்திருந்தது, அதன் அடியில் சோறு கல்லாகக் கிடந்தது. வெளியே கத்திரி வெயில் நூற்றியெட்டு டிகிரி அடித்துக்கொண்டிருந்தது, தார்ரோட்டில் செருப்பு ஒட்டியது. சின்னபாப்பா விரலால் தொட்டுப் பார்த்தாள், விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், "கரண்டிய அதுல வெக்காத ஜெயக்கொடி, ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு மருமகளுக்குப் பாய் விரிக்கப் போனாள்.

மறுநாள் புதுச்சோற்றிலும் பெய்தது. அதற்கு மறுநாள் ஒரு சாண் உயரம் வந்தது. வாரம் முடிவதற்குள் தட்டிலிருந்து வழிந்து தரையில் இறங்கி, அடுப்படி மூலையில் ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருக்கிற அளவுக்குக் குவிந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே சமைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் சின்னபாப்பாவின் ஒரே குறை. தெருவே வந்து பார்த்தது. பார்த்தவர்கள், தின்னாத பங்கு வேறு என்ன ஆகும் என்று பேசிக்கொண்டார்கள், வெயிலுக்கு இதமாக இருக்கிறதென்று கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டும் போனார்கள்.

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தலைவர் சுபேதார் ஏகாம்பரம், அவரும் அந்தக் காலத்தில் பனியில் நின்று இரண்டு கால்விரலைக் கொடுத்துவிட்டு வந்தவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தட்டின் முன்னால் விறைப்பாக நின்றார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது அந்த மலைப் பனியேதான் என்றார். பிறகு அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார், அந்தத் தீர்ப்பை நாங்கள் எல்லோரும் நம்பினோம், நம்பியதற்காக இன்றைக்கும் எங்களில் யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. அங்கே தாமோதரன் மேல் விழ வேண்டிய குளிர்தான் இங்கே விழுகிறது, ஆகவே நாம் அள்ள அள்ள அவனுக்குக் குளிர் குறையும், அப்படியே விட்டால் தேங்கித் திரும்ப அவனிடமே போய்விடும் என்றார்.

அவ்வளவுதான், மறுநாள் காலையிலிருந்து ஊர் வரிசையில் நின்றது. முதலில் அண்டாவோடு போனவள் நான். குடம், தவலை, சோற்றுச்சட்டி, பிளாஸ்டிக் பக்கெட் என்று ஆளுக்கொன்று எடுத்துவந்து, தாமோதரா நல்லா இரு என்று சொல்லி அள்ளிக்கொண்டு போனோம். டீக்கடையில் எலுமிச்சை ஜூஸில் போட்டார்கள். மீன்காரி கூடையில் மீனுக்கடியில் பரப்பினாள். காய்ச்சல்காரர்கள் நெற்றிக்கு வைத்துக்கொண்டார்கள், தலைச்சுமைக்காரர்கள் துண்டில் முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டார்கள், ஆடிக்கூழ் ஊற்றியபோது அம்மன் கோயில் அண்டாவுக்கே தாமோதரன் பனிதான் போனது, கொதிக்கக் கொதிக்க வாயை வேகவைக்கிற கூழை அந்த வருஷம்தான் நாங்கள் குளிரக் குடித்தோம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஐஸ் ஏது என்று கேட்டால், எங்கள் பையன் ஒருவன் மலையில் இருக்கிறான் என்று சொல்வோம், அவர்களும் தலையாட்டிவிட்டு இன்னொரு டம்ளர் கேட்பார்கள். ஒருவன் குளிரை ஊரே பங்குபோட்டுக்கொள்கிறது என்று எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

ரேணுகா மட்டும் அந்தப் பெருமையில் கலந்துகொள்ளவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாலாடையை உதட்டில் வைத்தபடி, எங்கள் பாத்திரங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குளிர் போகிறது சரி, அதன் அடியில் சோறு அப்படியேதானே கிடக்கிறது என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். உன் உடம்பைப் பார் முதலில் என்று நான் அதட்டினேன். உடம்பு நன்றாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது, இரண்டு மாதத்தில் இருபத்தைந்து கிலோ போய்விட்டது, தூக்கத்தில் மூச்சு நிற்பது குறைந்துவிட்டது என்று சின்னபாப்பா காதை வைத்துக் கேட்டுச் சொன்னாள், பழைய ஜாக்கெட்டுகளை நான்தான் பிடித்துத் தைத்துக்கொடுத்தேன்.

மலைமேலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பதினோரு மணிக்குத் தாமோதரனின் போன் வரும், ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷமும் அவன் அவள் உடம்பைப் பற்றியே கேட்பான், இன்றைக்கு எத்தனை மூடி, எத்தனை கிலோ, படியேறினாயா, மாத்திரை போட்டாயா என்று. தன்னைப் பற்றிக் கேட்டால், குளிர் பரவாயில்லை, இந்த வருஷம் அவ்வளவு இல்லை என்பான், அதைக் கேட்டுத் தெருவே சுபேதாரைக் கொண்டாடும். ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில், குளிர் பரவாயில்லை, பசிதான் என்று ஆரம்பித்தான், அதோடு லைன் போய்விட்டது. அடுத்த போனில் கேட்டதற்கு அப்படியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லையே என்று சாதித்தான். தின்றுகொண்டே இருந்தாலும் அவனுக்கு வயிறு நிறைவதில்லை, டப்பா டப்பாவாகத் திறந்து தின்றும் பெல்ட்டில் நாலு ஓட்டை புதிதாகப் போட்டுக்கொண்டான் என்பதெல்லாம் பெட்டியோடு வந்த சிப்பாய் சொல்லி நாங்கள் பிற்பாடு அறிந்தது. ரேணுகாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அதற்குள் அவளுக்கு மசித்த சோறு ஆரம்பித்திருந்தார்கள், வேளைக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு ஆறு வேளை, பன்னிரண்டு ஸ்பூன், அதற்குமேல் ஒரு பருக்கை போனாலும் கண் இருண்டு வாந்தியாக வந்துவிடும். அந்தப் பன்னிரண்டு ஸ்பூனையும் அவள் தாமோதரன் தட்டிலிருந்து எடுக்க ஆரம்பித்தாள். அதாவது தனக்கென்று ஒன்றும் தின்னவில்லை, பனியை விலக்கி, உறைந்த சோற்றை உள்ளங்கைச் சூட்டில் இளக்கி, மசித்து, இது அவருக்கு என்று சொல்லிச் சொல்லி விழுங்கினாள். தன் பங்கை முதலில் தின்ன வேண்டும் என்பதுதானே முறை என்று கேட்பவர்களுக்கு, என் பங்கை டாக்டர் வெட்டியெடுத்துவிட்டார் என்று சொல்லிவிடலாம் என நினைத்திருந்தாளாம், ஆனால் யாரும் கேட்கவில்லை. பெண்டாட்டி கையால் தின்றது அவன் வயிற்றுக்குத்தான் போகும், அவளுக்கு ஒட்டாது. பழைய நாளில் ரேணுகாவுக்கும் எங்களுக்கும் ஒட்டியதெல்லாம் ஆசையாகக் கூடப்போட்ட கரண்டிகள்தான்.

தட்டில் பனி குறைய ஆரம்பித்தது. ஒரு சாண் பனி நாலு விரலாயிற்று, நாலு விரல் ஒரு விரலாயிற்று, ஆடி பிறந்தபோது நாங்கள் அள்ளியதெல்லாம் முன்னால் தேங்கியிருந்ததைத்தான். ஞாயிற்றுக்கிழமைப் போனில் தாமோதரன் குரல் தெம்பாக இருந்தது, இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறேன் என்றான். அம்மன் கருணை என்றாள் சின்னபாப்பா, எல்லாம் நாம் அள்ளியதால்தான் என்றார் சுபேதார், நாங்கள் பொங்கல் வைக்கக்கூடப் பேசினோம். அந்தச் சந்தோஷத்தில் ரேணுகாவை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது, ஆபரேஷன் செய்தால் கொட்டும் என்று டாக்டரே சொன்னாரே என்றோம். கைத்தோல் தொங்கியது, எடை குறைந்தால் தொங்கும் என்றோம். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள், அதற்கும் ஏதோ சொன்னோம். பார்க்கத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள், எங்களுக்குப் பார்க்க மனமில்லை.

ஆவணி முதல் வாரத்தில் அவள் துணி துவைக்கிற கல் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி, டயட்டீஷியன் அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டாள். டயட்டீஷியன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, அவளுக்கும் காட்பாடிப் பக்கம்தான் ஊர், பங்குச்சோறு தெரிந்தவள். வெளியே வந்து சின்னபாப்பாவிடம், இப்படியே இன்னும் பத்து நாள் போனால் உங்கள் மருமகள் இருக்க மாட்டாள், முடிவு உங்கள் வீட்டுக்குள்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை ரேணுகாவிடம் கொடுக்காமல் சின்னபாப்பாவே எடுத்தாள். கொல்லைப்பக்கம் போய் நின்று எல்லாவற்றையும் மகனிடம் சொன்னாள். அவளுக்குக் காது மந்தம், போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த எனக்கும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று அவள் இரண்டு தரம் அலோ சொன்னாள்.

"அம்மா, என் தட்டக் கவுத்துடு" என்றான்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

"அவ மூச்சு நின்னு நின்னு வந்தத நான் விடிய விடிய எண்ணிக்கினு உக்காந்திருந்தேன்மா. இன்னொரு வாட்டி என்னால எண்ண முடியாது. அவ கவுக்க மாட்டா. நீ கவுத்துடு. நான் இங்க எப்டியாவது பாத்துக்கிறேன்."

அதற்குள் ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சின்னபாப்பா அம்மன் கோயிலில் போய் உட்கார்ந்திருந்தாள், என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை. புதன்கிழமை மத்தியானம், ரேணுகா படுக்கையிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்த நேரத்தில், பெற்றவள் குனிந்து, தன் மகன் பேர் வெட்டிய தட்டைச் சோறும் பனியுமாகத் தரையில் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டு அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரேணுகா கத்தினாள், மாமியார் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள், தெம்பு இருந்தால்தானே. நாங்கள் வாசலில் நின்றோம், எங்களில் ஒருத்திக்கும் உள்ளே போகக் கால் வரவில்லை. அழுது ஓய்ந்து அவள் தரையிலேயே சாய்ந்தபோது, சின்னபாப்பா ஒரு கையைத் தட்டின்மேல் வைத்தபடியே மறுகையால் பாலாடையை எடுத்து, "இது உன் பங்கு. வாயத் தொற கண்ணு. என் புள்ள சொல்லிட்டான்" என்றாள். ரேணுகா வாயைத் திறந்தாள்.

அன்றைக்கும் மறுநாளும் சின்னபாப்பா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அங்கேயே கையை ஊன்றியபடி தூங்கினாள். எங்களில் யார் வந்தும் எழுப்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை தானாகவே எழுந்து குளித்தாள்.

சனிக்கிழமை ஒரு போன் வந்தது, அது தாமோதரனின் ஞாயிற்றுக்கிழமைப் போன் இல்லை. ரோந்து போனபோது பனி சரிந்துவிட்டது, நாலு பேர், மூன்று பேரை உயிரோடு எடுத்துவிட்டார்கள். சுபேதார் ஏகாம்பரம்தான் சேதியைக் கொண்டுவந்து சொன்னார், சொல்லிமுடித்து விறைப்பாக நிற்கப் பார்த்தார், முடியாமல் படியில் உட்கார்ந்தார். சின்னபாப்பா அழவில்லை. அழ வேண்டிய இடத்தில் அவளுக்குள் வேறொன்று உட்கார்ந்துவிட்டது, அது என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், நாங்கள் அவள் கையைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது. கொடி போர்த்திய பெட்டி, ஒரு ஆபீசர், ஆறு சிப்பாய்கள், அதில் ஒருவன் தர்மபுரிப் பக்கத்துக்காரன், தாமோதரனோடு ஒரே கூடாரத்தில் இருந்தவன். ஊரே தெருவில் நின்றது, பேண்டு இல்லை, பேச்சில்லை. சின்னபாப்பா பெட்டியைத் தொடவில்லை, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தத் தர்மபுரிப் பையன் முன்னால் போய் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இது என்னிக்கு நடந்துது, தம்பி?"

அவன் வாயைத் திறந்தான். பெட்டிமேல் ஒட்டியிருந்த பேப்பரில் இங்கிலீஷில் தேதி போட்டிருந்தது, அது வியாழக்கிழமை, தட்டைக் கவிழ்த்ததற்கு மறுநாள், படித்தவர்கள் எல்லோரும் படித்துவிட்டோம். சின்னபாப்பாவுக்குப் படிக்கத் தெரியாது.

"போன செவ்வாக்கிழமை அத்தை" என்றாள் ரேணுகா. மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாதவள், சுவரைப் பிடிக்காமல் நின்றுகொண்டு சொன்னாள். "செவ்வாக்கிழமையே ஆயிடுச்சாம். தோண்டி எடுக்கத்தான் நாளாயிடுச்சு. எங்கிட்ட போன்ல சொன்னாங்க."

பையன் அவளைப் பார்த்தான், முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கிழவியின் கையைப் பார்த்தான். அவன் எங்கள் ஊர்க்காரன் இல்லை, ஆனாலும் பட்டாளத்துக்காரன். "ஆமாம்மா, செவ்வாய்க்கிழமைதான்" என்றான். சுபேதார் ஏகாம்பரம் முன்னால் வந்து, பேப்பரை உரக்கப் படித்தார், பேர், நம்பர், ரெஜிமெண்ட் எல்லாம் சரியாகப் படித்து, தேதி வந்த இடத்தில் குரல் நடுங்காமல் செவ்வாய்க்கிழமை என்று படித்தார், நாற்பது வருஷமாகப் பொய்க்கணக்கு எழுதாத மனிதர் அவர். அப்போதுதான் சின்னபாப்பா கையை முன்னால் கொண்டுவந்து பெட்டிமேல் வைத்தாள். வைத்த பிறகுதான் அழுதாள், எங்கள் தெரு அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை.

அப்புறம் எங்களுக்கு வேலை நிறைய இருந்தது. கேபிள்காரர் ஒரு வாரத்துக்கு எங்கள் தெருவுக்குச் செய்தி சேனல்களை நிறுத்தினார். டீக்கடைப் பேப்பர்களை நான் வாங்கி அடுப்பில் போட்டேன். ஆறுதல் சொல்ல வந்த வெளியூர்க்காரர்களை ஊர்முனையிலேயே நிறுத்தி, செவ்வாய்க்கிழமை என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினோம். ஆபீஸ் பேப்பர்களில் ஒரு தேதியும் ஊர் வாயில் ஒரு தேதியும் இருந்தது. சங்கத்து ஆட்கள் பஸ் ஸ்டாப் பக்கத்தில் அவனுக்குக் கல் நட்டபோது, கல்தச்சன் தயங்கினான், கல்லில் வெட்டினால் மாற்ற முடியாதே என்றான், மாற்ற வேண்டாம் என்று சொல்லி இரண்டு நாள் முந்தைய தேதியையே வெட்டவைத்தோம்.

ரேணுகா தேறினாள். அறுபத்தெட்டு கிலோவில் நின்றாள். மணி பார்த்து ஆறு வேளை சாப்பிடுகிறாள், சின்னபாப்பாதான் மசித்துக் கொடுக்கிறாள், ஸ்பூன் கணக்குத் தவறினால் அதட்டுகிறாள். தூக்கத்தில் மூச்சு ஒரு தரம்கூட நிற்பதில்லை. சில நாள் மத்தியானத்தில் அவள் சாப்பிட்டு முடித்துவிட்டுப் பக்கத்தில் வெறும் தரையைக் கையால் தடவுவதை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் பங்கைத் தின்ன உட்கார்ந்தால் எனக்கு இறங்காது, ஆனாலும் தின்றுவிடுவேன்.

வருஷம் திரும்பியது. கல்லில் இருந்த தேதியில் ஊரே கூடி மாலை போட்டோம், சுபேதார் சல்யூட் அடித்தார், ரேணுகா மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாள் கழித்து, வேலூர்ப் பஸ்ஸுக்காக நான் காலை ஏழு மணிக்குப் போனபோது, கல்லடியில் சின்னபாப்பா தனியாக உட்கார்ந்திருந்தாள். கல்லைக் கழுவி விளக்கேற்றியிருந்தாள். இரண்டு உள்ளங்கையையும் கல்லின்மேல் வைத்திருந்தாள்.

அவளாகவே சொன்னாள். "வியாழக்கெழம விடியறவரைக்கும் தட்டு ஜில்லுனுதான் இருந்துது ஜெயக்கொடி. கவுத்தப்பறமும் ஜில்லுனு இருந்துது. எம்புள்ள இருக்கான், எனக்குத் தப்பு ஒண்ணும் நடக்கலன்னு புடிச்சிக்கினே இருந்தேன். விடிஞ்சதும் மத்தப் பாத்திரம் மாதிரி ஆயிடுச்சு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் வந்து நின்றுவிட்டுப் போனது.

"ரேணுகாவாண்ட சொல்லிடாத" என்றாள். "என்னைக் காப்பாத்திட்டோம்னு நெனச்சிக்கினு கீது. அந்த நெனப்புலதான் அது சாப்புடுது, தூங்குது. ஊர்ல யாரும் சொல்லிடாதீங்க."

நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கிற இரண்டு பெண்களுக்கு ஆளுக்கொரு பொய்யாக ஈச்சம்பேட்டை இன்றைக்கும் காவல் இருக்கிறது. அன்றைக்குச் சின்னபாப்பா எழுந்து, முந்தானையால் கல்லைத் துடைத்து, விளக்கை ஊதி மடியில் கட்டிக்கொண்டு, ரேணுகாவின் எட்டு மணிச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போனாள்.